வாய்வுதான், வேறொன்றுமில்லை

இரண்டு கிழமையாக இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. கவனித்து விசாரித்தவர்களுக்கு நன்றி. கவனிக்காதவர்களோடும் கோபமில்லை – அந்த இரண்டு கிழமையும் இன்றைக்கு என்ன நாள் என்பதையே நான் கவனிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று ஞாயிறுகளுக்கு முன்னர், காலை ஏழு மணியிருக்கும். புங்குடுதீவிலிருந்து வேலணைக்குக் கடலுக்கு நடுவால் வருகிற பாதையின் நட்ட நடுவில் நின்று ஒரு பஸ்ஸை மறித்தேன். வலது கையை உயர்த்தி, விரல்களை விரித்து, நன்றாகத் தெரியும்படி ஆட்டினேன்.

சாரதி என்னைக் கண்டார். சிரித்தார். பதிலுக்குத் தானும் கையை ஆட்டினார். இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.

பஸ் போய்விட்டது.

அவரில் பிழை இல்லை. அவரை அப்படிப் பழக்கியவன் நான்தான்.

வழமையாக வாசிக்கிறவர்களுக்கு என் ஓட்டப் புராணம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: எனக்கு இருபத்தொன்பது வயது. வேலணையில் வீடு. அம்மாவும் நானும். பகலில் ஓர் அரச அலுவலகத்தில் கோவைக் கட்டுகளுக்கு நடுவே கதிரையில் இருக்கிற உத்தியோகம். விடியமுன் எழும்பித் தூர ஓட்டம். ஒன்றரை வருடமாக இதுதான். அரை மரதன் இரண்டு ஓடி முடித்திருக்கிறேன். முழு மரதன் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தேன்.

ஓடுவதில் சந்தோசம் இல்லையா? இருக்கிறது. கடலுக்கு நடுவில் ஓடும்போது சூரியன் ஒரு பக்கத் தண்ணீரில் எழும்பும், மறுபக்கத் தண்ணீர் இன்னமும் இருட்டாக இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காக எத்தனை மணிக்கும் எழும்பலாம். மற்றபடி – கால் நகம் கறுத்துக் கழலும். புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் நாய்கள், யாருமில்லாத வளவை யாருக்காகவோ காவல் காத்துக்கொண்டு, என்னை மட்டும் துரத்தும்.

ஆனால் பெரிய கஷ்டம் நாயல்ல. மனிதர்களின் நல்ல மனசு!

தீவுப்பகுதியில் ஒருவன் ஓடினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். பஸ்ஸைத் தவற விட்டுவிட்டான். அடுத்த பஸ் எப்போது என்று ஆண்டவனுக்கும் தெரியாத ஊரில், ஓடுகிறவனை விட்டுவிட்டுப் போக எந்தச் சாரதிக்கு மனம் வரும்? நான் ஓடத் தொடங்கிய முதல் மாதமே அது நடந்தது. என்னைக் கடந்து போன பஸ் நூறு மீற்றர் தள்ளி நின்றது. நடத்துநர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

“ஓடி வாரும் தம்பி, ஓடி வாரும்! நிக்கிறம்!”

ஓடினேன். வேறென்ன செய்வது? யன்னலெல்லாம் தலைகள். ஓர் அம்மா எனக்கு இடம் விடுவதற்காக மரக்கறிப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் ஏறேல்லை அண்ணை” என்றேன், மூச்சு வாங்க. “சும்மா ஓடுறன்.”

“சும்மாவோ?”

“ஓம்.”

மடியிலிருந்த மரக்கறிப் பை பழையபடி சீற்றுக்கு இறங்கியது. பிறகு உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள்: “உதுக்கோ நாங்கள் வேலை மினக்கெட்டு நிண்டனாங்கள்? விடும் அண்ணை, அவர் காத்து வாங்கட்டும்.”

அன்று பட்ட வெட்கத்தில் ஒரு பழக்கம் பழகினேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டால் உடனே கையை உயர்த்தி ஆட்டுவேன் – ‘போங்கோ, நான் வரேல்லை.’ சில மாதங்களில் அந்தப் பாதையில் ஓடுகிற எல்லா பஸ்ஸுக்கும் இது பாடமாகிவிட்டது. ஊரில் மற்றவர்கள் கை காட்டினால் பஸ் நிற்கும். நான் கை காட்டினால் பஸ் போகும்.

அந்த ஞாயிறும் பஸ் போனது.

அன்று இருபத்தெட்டுக் கிலோமீற்றர் ஓடுவதாகத் திட்டம். போகும்போது வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனது. திரும்பியபோது அதே காற்று முகத்தில் அறைந்தது. பாதையின் பாதியைத் தாண்டியிருப்பேன். நடு நெஞ்சில், யாரோ பெருவிரலை வைத்து அமுக்குவதுபோல ஒன்று. முதலில் மெதுவாக. பிறகு விரலை எடுக்காமலே...

நின்றேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஓடுகிறவர்கள் கட்டுகிற மணிக்கூடு – நெஞ்சு எத்தனை தரம் அடிக்கிறது என்று காட்டும். நான் நின்ற பிறகும் இலக்கம் இறங்கவில்லை.

அப்போது என் வாய், என்னைக் கேட்காமல், சத்தமாக ஒரு சொல்லைச் சொன்னது.

“வாய்வு.”

எனக்குக் குலை நடுங்கியது. நோவால் அல்ல. அந்தச் சொல்லால்.

என் அப்பா கடைசியாகச் சொன்ன சொல் அது.

அவர் புகையிலைத் தோட்டம் செய்தவர். எனக்குப் பத்து வயது, அவருக்கு நாற்பத்து மூன்று. ஒரு நாள் காலை தோட்டத்திலிருந்து இடையில் எழும்பி வந்தார். வழியில் கண்டவர்கள் என்ன என்று கேட்டதற்கு ‘வாய்வு பிடிச்சிட்டுது’ என்றாராம். வீட்டிலும் அதையே சொன்னார். அம்மா உள்ளிப்பூண்டு சுட்டுக் கொடுத்தார். நான் கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தேன். பாதிச் சோடா குடித்தார். பாயில் சரிந்தார். அவ்வளவுதான்.

நெஞ்சு நொந்தால் வாய்வு. முதுகு நொந்தால் வாய்வு. கை உளைந்தால் அங்கே வாய்வு ஓடுகிறது. எங்கள் வீடுகளில் இதயம் என்று ஓர் உறுப்பு கிடையாது, காற்று மட்டும்தான் உண்டு – உங்கள் வீட்டில் எப்படி?

அப்பா பள்ளிக்கூடம் போனவரல்ல. அம்மா மூன்றாம் வகுப்போடு மறிக்கப்பட்டவர். வீட்டுக்கு வருகிற கடதாசிகளை அலுமாரியில் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் பத்திரமாக வைப்பார்களே தவிர, வாசிப்பதில்லை. உயர்தரம் படிக்கிற காலத்தில், ஒரு விண்ணப்பத்துக்கு வேண்டுமென்று அப்பாவின் மரணச் சான்றிதழை அந்தத் தகரத்திலிருந்து எடுத்தேன். எங்கள் வீட்டில் அதை முதன்முதலாக வாசித்தவன் நான்தான். காரணம் என்ற இடத்தில் ஒரே சொல். மாரடைப்பு.

ஏழெட்டு வருடம் அந்தச் சொல் எங்கள் அலுமாரிக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடதாசியை வாங்கி மடித்துக்கொண்டு சொன்னார்: “அவை டொக்டர்மார். ஏதாவது எழுதத்தானே வேணும்.”

எனக்கு அன்று பிடித்த பயம்தான் பின்னாளில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓட வெளிக்கிட்டது. பரிசுக்காக ஓடுகிறேன், உடம்பைக் குறைக்க ஓடுகிறேன் என்றெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பொய். நாற்பத்து மூன்று வயதிலிருந்து தப்பி ஓடுகிறேன்.

சரி, கடலுக்கு நடுவே நின்றவனிடம் வருவோம்.

பஸ் போய்விட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர். கைபேசி வீட்டில் – அதன் பாரம் ஓட்டத்தைக் குறைக்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். படித்த மனிதன்! நடந்தேன். பத்து அடி, நின்று, பத்து அடி. மீன் பிடிக்கக் கடலில் நட்ட களங்கட்டித் தடிகளில் கடற்காகங்கள் செட்டையை விரித்துக் காயப் போட்டிருந்தன. இந்த இடத்தில் விழுந்தால் முதலில் காண்பவர் யார்? அவர் எனக்கு வாயில் எதை ஊற்றுவார்? சோடாவா?

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். எனக்குக் கையை உயர்த்தப் பயமாக இருந்தது. உயர்த்தினால் இதுவும் போய்விடுமோ? கையைத் தொங்கவிட்டபடி பாதையின் நடுவில் நின்றேன்.

குணம் அண்ணை. பின்னால் பெட்டி கட்டி மீன் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் விற்கிறவர். கால் ஊன்றி நிறுத்தினார்.

“என்ன ஐசே, இண்டைக்கு நடக்கிறீர்? பற்றரி இறங்கிட்டுதோ?”

“நெஞ்சு நோகுது அண்ணை.”

சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

“வாய்வாக்கும்” என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார்.

நானும் சொன்னேன்: “ஓம் அண்ணை. வாய்வுதான். வீட்டை கொண்டுபோய் விட்டால் காணும்.”

பார்த்தீர்களா? சான்றிதழை வாசித்தவன், பல்கலைக்கழகம் வரை போய் வந்தவன், ஒன்றரை வருடமாக இதயத்தைப் பற்றியே கட்டுரை கட்டுரையாக வாசித்தவன் – பயம் வந்தவுடன் வீட்டுச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். மாரடைப்பு என்று சொன்னால் அது வந்துவிடும். வாய்வு என்று சொன்னால் போய்விடும். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ? அவருக்கும் தெரிந்திருக்குமோ?

மீன் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் இறுகி இருந்தேன். வேலணைக் கரை வந்து, எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற சந்தி வந்தது. அவர் சிக்னல் போட்டார்.

“அண்ணை.”

“என்ன?”

“வீட்டை வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ.”

அவர் சிக்னலை நிறுத்திவிட்டு நேரே விட்டார். மீன் வாங்க வீட்டுப் படலையடியில் நின்ற சனம் கைதட்டிக் கூப்பிட்டது. ஒருவருக்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். இயந்திரம் நீளமாக ஒரு கடதாசியைத் துப்பியது. இரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லி, மீண்டும் ஒரு கடதாசி. இதற்கிடையில் குணம் அண்ணை அம்மாவுக்கு அழைத்துவிட்டார். அம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் சுடுதண்ணிப் போத்தல். உள்ளே மல்லித்தண்ணி. முகத்தில் இரத்தமில்லை.

“என்னடா மோனை... உன்னை நான் ஓடாதை எண்டு சொன்னனான் எல்லோ...”

டொக்டர் இரண்டு கடதாசியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். “பயப்பிட ஒண்டும் இல்லை. இதயத்தில பிரச்சினை தெரியேல்லை. ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள்?”

“புட்டு. தூரம் ஓடுறதுக்கு முதல்நாள் மாச்சாப்பாடு நிறையச் சாப்பிடச் சொல்லி ஒரு கட்டுரையில கிடந்தது...”

“எவ்வளவு?”

அம்மா பதில் சொன்னார்: “மூண்டு நீத்துப்பெட்டி அவிச்சுக் குடுத்தனான், டொக்டர். நண்டுக் குழம்போடை. காலமையும் மிச்சத்தைத் திண்டிட்டுத்தான் ஓடினவன்.”

டொக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். “காஸ்ட்ரிக் மாதிரித்தான் இருக்கு.”

“அதென்ன டொக்டர்?” என்று அம்மா கேட்டார்.

மூலையில் நின்ற குணம் அண்ணைதான் மொழிபெயர்த்தார்.

“வாய்வு, அக்கா.”

அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை பிழைத்த சந்தோசம் பாதி, தான் வென்ற சந்தோசம் பாதி. “பாத்தியோ! நான் படிக்காதவள் சொன்னால் ஆர் கேக்கினம்?” போத்தலைத் திறந்து மல்லித்தண்ணியை ஊற்றி என்னிடம் நீட்டியபடி, டொக்டரோடு ஊர்க் கதை கதைப்பதுபோலச் சொன்னார்.

“எனக்கும் உதுதான் டொக்டர், மூண்டு நாலு மாசமா. கிணத்தடியில இருந்து வாளியோடை வரேக்கை பிடிக்கும். கொஞ்சம் நிண்டால் விட்டிடும். உந்த மல்லித்தண்ணி குடிச்சனெண்டால் எல்லாம் சரி.”

டொக்டர் என் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தவர். பேனை நின்றது.

“எந்த இடத்தில அம்மா?”

சற்று முன் நான் ஒரு விரலால் காட்டிய இடத்தை, அம்மா முழு உள்ளங்கையால் காட்டினார். பிறகு கை இடது தோளுக்குப் போனது. பிறகு கழுத்தால் ஏறித் தாடைக்கு.

“இதுவரைக்கும் இழுக்கும். பல்லுக்கொதியாக்கும் எண்டு கராம்பு வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்.”

“கட்டில்ல ஏறிப் படுங்கோ.”

“ஐயோ, நான் இவனைப் பாக்கவெல்லோ வந்தனான்!”

“இவரைப் பாத்தாச்சு.” டொக்டர் என் பக்கம் திரும்பினார். “இறங்குங்கோ.”

நான் இறங்கினேன். என் வியர்வை ஈரம் காயாத அதே விரிப்பில் அம்மா படுத்தார். அதே வயர்கள். அதே இயந்திரம். கடதாசி வந்தது. டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். பேனை முனையால் ஓரிடத்தைத் தொட்டார். வெளியே போய்த் தொலைபேசியில் யாரோடோ கதைத்தார்.

கடதாசி கட்டிலின் காலடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் கடதாசியையும் வாசித்தவன் நான். இதை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அம்புலன்ஸில் அம்மாவின் தலைமாட்டில் ஏறினேன். குணம் அண்ணையின் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி ஆஸ்பத்திரி வாசலில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டார். “நான் பின்னாலை வாறன், நீர் போம்” என்றார்.

வேலணையிலிருந்து பட்டணத்துக்குப் போகிற அந்தப் பாதையும் எனக்குக் கால் பழக்கம். எந்த மதகு எத்தனையாவது கிலோமீற்றர் என்று தூக்கத்திலும் சொல்வேன். மண்கும்பான் – இன்னும் எத்தனை? அல்லைப்பிட்டி – இன்னும் எத்தனை? பண்ணைக் கடற்பாதை – இன்னும்? தூரத்தைக் கூட்டுவதற்காகவே ஒன்றரை வருடம் செலவழித்தவன், அன்று ஒவ்வொரு மீற்றராகக் கழித்துக்கொண்டு போனேன். குறைந்தால் அல்லவா!

அம்மா ஒட்சிசன் முகமூடிக்குள்ளால் ஏதோ சொன்னார். குனிந்தேன். கடைசி வார்த்தை ஏதும் சொல்லப் போகிறாரோ?

“மோனை... உந்த அரைக் காச்சட்டையோடையோ பட்டணத்துக்கு வாறாய்? ஆரும் தெரிஞ்ச ஆக்கள் கண்டால்...”

அந்த அரைக் காற்சட்டையோடுதான் வார்ட் வாசலில் அன்று பின்னேரம் வரை நின்றேன். பயத்தில் அழுகைகூட வரவில்லை.

அம்மாவின் இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று பெரும்பாலும் அடைபட்டிருந்தது. அதைத் திறந்து விட்டார்கள். மற்ற விபரங்களை நான் எழுதி நீங்கள் படித்து ஆகப் போவது ஒன்றுமில்லை. “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்...” என்று தொடங்கிய பெரிய டொக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லவில்லை.

மிச்சம் எனக்குத் தெரியும்.

இந்த இரண்டு கிழமையும் என்னை அரித்தது வேறொன்று. என் நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்று காலை மாலை பார்த்தவன் நான். நித்திரையில் எத்தனை, மாடி ஏறினால் எத்தனை என்று வரைபடம் வைத்திருந்தேன். அதே வீட்டில், அதே குசினியில், ஒரு மனுசி வாளியை வைத்துவிட்டு இடையில் நின்று மூச்சு வாங்கியிருக்கிறார். மூன்று நாலு மாதம். நான் ஒருநாளும் காணவில்லை. கண்டிருந்தாலும் ‘என்னம்மா?’ என்று கேட்டிருப்பேன். அவர் ‘வாய்வு’ என்றிருப்பார். நான் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு ஓடப் போயிருப்பேன்.

அப்பாவைக் கொண்டுபோன வருத்தம் அப்பாவின் வழியால் எனக்குத்தான் வரும் என்று இருந்தேன். அது பக்கத்தில் நிற்கிறவரிடமும் வரும் என்று யோசிக்கவேயில்லை. பயத்திலும் ஒரு சுயநலம் இருக்கிறது.

மரதன் தேதி போய்விட்டது. ஓடுவேனா? ஓடுவேன். ஆனால் இப்போதைக்கு ஒழுங்கை முடிவு மட்டும், கைபேசியோடு, நாலைந்து நிமிடத்துக்கு ஒருதரம் வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு. அதற்குப் பெயர் ஓட்டமல்ல என்றால் சரி, வேறு பெயர் வையுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? வீட்டில் யாராவது ‘வாய்வு’ என்றால் மறுக்காதீர்கள். சண்டை பிடிக்காதீர்கள், தோற்றுப் போவீர்கள். எங்கே நோகிறது, நடந்தால் வருகிறதா, நின்றால் போகிறதா – இவ்வளவையும் மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். குளிசைகளை நேரம் தவறாமல் போடுகிறார். நேற்றுக் காலை பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “என்னவாம் மாமி, பெரிய வருத்தமெண்டு கதைக்கினம்?”

“சீச்சீ” என்றார் அம்மா. “வாய்வுதான், வேறொண்டுமில்லை.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அந்த அக்கா முந்திக்கொண்டார்:

“எனக்கும் கொஞ்ச நாளா உந்த வாய்வு இருக்கு மாமி. உள்ளி சுட்டுத் திண்டு பாப்பமோ எண்டு...”

“உள்ளியோ?” அம்மாவின் குரல் உயர்ந்தது. “விசரே உனக்கு? வாய்வுக்கு ஆரடி இப்ப உள்ளி திண்ணுறவை? வாய்வுக்கு ஈ.சி.ஜி. எல்லோ எடுக்கிறவை!”

பின்னேரம் பக்கத்து வீட்டு வாசலில் ஓட்டோ நின்றது.